இரண்டாவது ஊசி

குளுக்கோஸ் தண்ணியின் கடைசி மடக்கு தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்றது. சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு அதை உள்ளே தள்ளினார். எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கோம், குமட்டாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குமட்டியது. ராத்திரியிலிருந்து ஒன்றும் போகாத வயிற்றில் பெரிய டம்ளர் நிறையச் சர்க்கரைப் பாகை ஊற்றினால் குமட்டாமல் என்ன செய்யும். பேப்பர் டம்ளரைக் கசக்கி நாற்காலிக்கு அடியில் போட்டார். கண்ணாடி போட்ட டாக்டரம்மா அதைப் பார்த்தாள். அவளே குனிந்து எடுத்துக்கொண்டாள். எடுக்கட்டும், சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாளே, இதையும் செய்யட்டும். "இப்பருந்து ரெண்டு மணி நேரம் இங்கயே உக்காந்திருங்க ஐயா. எதுவும் சாப்பிடக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, வெளிய சுத்தக் கூடாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ ரத்தம் எடுப்போம். அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். இவளுக்கென்ன தெரியும். சர்ச்சையொட்டிய பங்குச் சமுதாயக் கூடத்தில் போன வாரம் யாருக்கோ கல்யாணம் நடந்திருக்கிறது, மேடையில் தெர்மோகோல் புறாக்கள் இரண்டு ஒன்றையொன்று பார்த்தபடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மேடைக்குக் கீழே மூன்று மேசைகள். மேசைக்கு ஒரு ஆள், ஒரு ஐஸ் பெட்டி. அதில் நடு மேசையில்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர் முதல் தடவையாகக் கையை நீட்டினார். எதிரில் ஊசியோடு உட்கார்ந்திருந்தது அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா. ஆறு வருசமாக அவர் கண்ணில் படாதவள்.

பேரைக் கேட்டாள். அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை, குளுக்கோஸை விட அதுதான் நெஞ்சில் நின்றது. மாஸ்க் போட்டிருந்தாள், தலையில் நீலத் தொப்பி, கண்ணும் கொஞ்சம் நெற்றியும்தான் வெளியே தெரிந்தது. யாரோ ஒரு டெக்னீசியன் பிள்ளை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார். "உங்க பேர் சொல்லுங்க சார்." குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார், ஆனால் வாய் அதற்குள் பதில் சொல்லிவிட்டது. "சவரிமுத்து." "வயசு?" "அறுவத்திரெண்டு." "கையை நல்லா நீட்டுங்க சார்." ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டினாள், பஞ்சால் துடைத்தாள், ஒரே குத்தில் ரத்தம் வந்துவிட்டது. கை நடுங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்தக் கை நடுங்கவே இல்லை. அப்பன் பேரை அப்பனிடமே கேட்கிறாள். அவளுடைய சர்டிபிகேட்டில் எல்லாம் அந்தப் பேர்தானே இருக்கிறது, அழித்துவிட்டாளா. எல்லாரிடமும்தான் பேரைக் கேட்கிறார்கள், குப்பி மாறிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்பார்களாம், பக்கத்து நாற்காலி லாரன்ஸ் சொன்னான். லாரன்ஸுக்கு எல்லாம் தெரியும். மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே இப்படித்தான், பாத்திரக்கடை விலை முதல் போப்பாண்டவர் உடல்நிலை வரை சொல்வான். அந்தப் பிள்ளை யாரென்று இவனுக்குத் தெரிந்திருக்குமோ. தெரிந்துதான் குப்பி மாறக் கூடாது என்று சொல்லிச் சிரித்தானோ. சவரிமுத்து அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். லாரன்ஸ் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

எழுந்து போய்விடலாம். யார் கையைப் பிடித்து இழுக்கப் போகிறார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் வீடு. டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு வேலை இருக்கு, நான் போறேன் என்றார், சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னார். அவளோ, "உங்க இஷ்டம் ஐயா, யாரையும் நாங்க கட்டாயப்படுத்துறதில்ல. ரெண்டாவது ரத்தம் குடுக்கலன்னா மொத ரத்தத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதான். போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அதுவும் எரிச்சலாக இருந்தது. முப்பது வருசம் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், சொல்லாமல் ஒரு ஆள் தறியை விட்டு நகர முடியாது, ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் அவர் விரல் சொடுக்கிய திசைக்குப் பிள்ளைகள் ஓடும். இங்கே போனாலும் ஒன்று, இருந்தாலும் ஒன்று. அவர் போகவில்லை. போகாததற்குக் காரணம் ஜெசிந்தா இல்லை, அதை அவர் தனக்குத்தானே அழுத்திச் சொல்லிக்கொண்டார். காரணம் செருப்பு. போன மாசம் கோயிலுக்குப் போகிற வழியில் இடது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது, அது தெரியாமல் தெருமுனை வரை ஒற்றைக் காலில் செருப்போடு நடந்திருக்கிறார். லாரன்ஸ்தான் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். என்ன மேஸ்திரி, வேண்டுதலா என்று கேட்டான். வெயிலில் கொதிக்கிற தார் ரோடு, கால் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளங்காலில் குண்டூசியால் குத்திப் பார்த்தார். இங்கே தெரிந்தது, இங்கே தெரியவில்லை, இங்கே தெரிந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமே பூசை முடிந்து சாமியார் மைக்கில் அறிவித்தார், சர்க்கரை நோயைப் பற்றி ஒரு ஆய்வு, ஐம்பது தாண்டியவர்கள் தாமாக முன்வந்து ரத்தம் கொடுக்கலாம் என்று. பேர் குடுத்துருவோமாங்க என்று மனைவி மரியபுஷ்பம் கேட்டபோது, உனக்கு வேற சோலி இல்லையா என்று எரிந்து விழுந்துவிட்டுத்தான் சம்மதித்தார். தாமாக முன்வந்து.

புஷ்பம். அவர் தலை தானாகவே பெண்கள் பக்கம் திரும்பியது. பூசைக்கு உட்காருகிற மாதிரியே இங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பம் மூன்றாவது வரிசையில், கையில் பஞ்சோடு, மாம்பழக் கலர் சேலையில். அந்தச் சேலையை அவள் ஈஸ்டருக்குத்தான் எடுப்பாள். ரத்தம் கொடுக்க எதற்கு ஈஸ்டர் சேலை. காலையில் வாசலைப் பூட்டும்போதே கேட்க நினைத்தார், வயிற்றுப் பசியில் விட்டுவிட்டார். கேட்டிருக்க வேண்டும். முதல் ரத்தத்துக்குப் புஷ்பம் எந்த மேசைக்குப் போனாள்? அதே நடு மேசை. அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தாள், அவர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நீலத் தொப்பியும் மாம்பழச் சேலையும் தலையோடு தலை குனிந்து என்னமோ பேசின, கிழவிக்கு ஊசிப் பயம் போல என்று நினைத்துக்கொண்டார். முட்டாள். மேஸ்திரியாம் மேஸ்திரி. எழுந்து போய் அவளுக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார்கள்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னதுங்க?"

"நடிக்காத. அவ இங்க வந்திருக்கிறது."

புஷ்பம் திரும்பவில்லை. பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று சோதித்தாள். "தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"என்னைக்குமே தெரியும். எங்க இருக்கா, எந்த ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா, என்னைக்குக் காய்ச்ச வந்துச்சு, எல்லாந் தெரியும். நீங்க கேக்கல, நான் சொல்லல." பிறகு அதே குரலில், "பக்கத்துல ஆளுக இருக்காக. உங்க இடத்துல போயி உக்காருங்க" என்றாள்.

போய் உட்கார்ந்தார். ஏன் போனார் என்று உட்கார்ந்த பிறகுதான் யோசித்தார். அவள் சொல்லி அவர் ஒன்றைச் செய்தது இதற்கு முன்னால் எப்போது. ஆறு வருசம். ஆறு வருசமும் ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தி எதிரியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கே வைத்துப் பேசினாள், காய்கறிக் கடையிலா, பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையிலா. அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று சோறு போட்டாளே அந்தக் கையாலேயேதான் போனை எடுத்திருப்பாள். சாப்பிட்டீங்களாங்க என்று கேட்ட வாயாலேயே சாப்பிட்டியாம்மா என்று கேட்டிருப்பாள். எதிரிதான். பெற்ற அப்பனை போலீசில் பிடித்துக் கொடுத்தவளுக்கு வேறென்ன பேர். அதுவும் எதற்காக. ஒரு டிபன் கேரியருக்காக. ரசம் வைத்த அடுக்கை ஒழுங்காக மூடவில்லை புஷ்பம், பஸ்ஸில் அது சாய்ந்து சட்டையெல்லாம் ஊற்றி, வேட்டி வரை இறங்கி, மில் கேட்டில் வாட்ச்மேன் மோந்து பார்த்து, மேஸ்திரி குளிச்சிட்டு வந்துருக்காரு என்றான், எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்கப் புளிவாடையோடு வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேரியரை எறிந்தார். எறிந்தது சுவர் மேல். அவள் மேல் இல்லை. சுவருக்கும் அவருக்கும் நடுவில் அவள் நின்றாள், அதற்கு அவர் என்ன செய்ய முடியும். புருவத்துக்கு மேலே பிளந்துகொண்டது. ஒரு தடவைதான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னால் ஒருமுறை பிடரியில் தட்டியிருக்கிறார், அது தட்டுத்தான், அதை அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு, அது அவள் அண்ணன் வந்து ஏற்றிவிட்டுப் போனதால் வந்தது. அதற்கு முன்னால், சரி, அதற்கு முன்னால் எதற்கு இப்போது. ஒரு தடவைதான். டாக்டரிடம் புஷ்பமே சொன்னாள், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று. டாக்டர் எழுதிக்கொள்ளவும் செய்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அப்போதுதான் காலேஜ் பையோடு ஓரத்தில் நின்ற ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பொய் சொல்றாங்க டாக்டர், எங்கப்பா எறிஞ்சது, இது மொத தடவ இல்ல. அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார். அழவில்லை. இப்போது பேரைக் கேட்டாளே, அந்தக் குரல்.

நடு மேசையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். பஞ்சால் துடைத்ததும் யப்பே என்று அலறினார், ஜெசிந்தா சிரித்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் சுருங்குவது இங்கேயிருந்தே தெரிந்தது. "இன்னும் குத்தவே இல்ல தாத்தா, துடைச்சதுக்கே கத்துறீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், கிழவரும் சிரித்தார். சவரிமுத்துவுக்குக் கிழவரைப் பிடரியோடு சேர்த்து ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. தாத்தாவாம். எவனோ ஒருவன் தாத்தா, அப்பன் சார். கையுறைக்குள்ளிருந்த அந்த விரல்களைப் பார்த்தார், நீளமான விரல்கள், அவருடைய அம்மாவின் விரல்கள். ஒருநாள் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின் கம்பி ஒரு பொடித் துண்டு அவர் கட்டைவிரலுக்குள் ஏறிக்கொண்டது, கம்பவுண்டர் பார்த்துக் கைவிட்டுவிட்டான். மூன்றாவது படிக்கிற பிள்ளை, ஊக்கை நெருப்பில் காட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அசையாதீங்கப்பா அசையாதீங்கப்பா என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்தாள். அவர் அசையவில்லை. உயிர் போகிற வலி, அசையவில்லை. அந்தத் துண்டைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு ஒரு வாரம் மில் முழுக்கக் காட்டினார், எம்புள்ள எடுத்ததுய்யா. இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டதும் அவர்தான், பொம்பளப் பிள்ளைக்கு ரத்தம் பீ மூத்திரம் பார்க்கிற படிப்பு எதற்கு என்று புஷ்பத்தின் அண்ணன் கேட்டபோது, எம்புள்ளைக்குக் கை ராசி உண்டு என்று சொன்னவர் அவர். ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு அந்த ஊசியை அவருக்கே, இல்லை, இந்த நினைப்பு வேண்டாம். இது தேவையில்லை. அந்தப் பிள்ளை வேறு. இவள் வேறு. இவளால் அவர் ஸ்டேஷனில் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்தார், பிக்பாக்கெட் ஒருவனுக்குப் பக்கத்தில். அவன் அவரிடம், பெருசு நீ என்னாத்த அடிச்ச என்று கேட்டான். பர்சையா என்ற அர்த்தத்தில்தான் கேட்டான். காலையில் புஷ்பம் தலைக்கட்டோடு வந்து கேஸ் வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் துணிமணி இல்லை. தேட வேண்டாம் என்றார். தேட மாட்டேன் என்று அன்றைக்குப் புஷ்பம் தலையாட்டினாள்.

நாக்கு வறண்டது. சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிறதோ. கண்ணுக்குப் பின்னால் ஏதோ அழுத்தியது. இப்போது அவருடைய ரத்தம் அந்த ஐஸ் பெட்டிக்குள், ஒரு சின்னக் குப்பியில், அவர் பேர் ஒட்டி, புஷ்பத்தின் குப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பாள். அதில் என்னவெல்லாம் தெரியுமோ. சர்க்கரை மட்டும்தானா, குடித்தது தெரியுமா, கோபம் தெரியுமா, ரத்தத்தில் இப்போது என்னென்னமோ பார்க்கிறார்கள் என்று லாரன்ஸ் சொன்னான். அவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இன்னும் எத்தனை வருசம், எந்தக் கால் முதலில், எல்லாம். ரத்தத்தில் காற்றுக் குமிழியை ஏற்றினால் ஆள் காலி என்று ஏதோ வாரப் பத்திரிகையில் படித்திருக்கிறார். ஏற்றுவாளா. சீ. எடுக்கிற ஊசி அது, போடுகிற ஊசி இல்லை. இருந்தாலும் ஏற்ற நினைத்தால் ஏற்றலாம். நினைக்க மாட்டாள். ஏன் நினைக்க மாட்டாள்? அய்யாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அய்யா என்றால் அவருடைய அப்பா சூசை. முதலில் பெருவிரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. தினமும் காலையில் அம்மா வெந்நீர் வைத்துப் புண்ணைக் கழுவுவாள். சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு கழுவுவாள், நாற்றம் அப்படி. வலித்தால் அய்யா இன்னொரு காலால் எட்டி உதைப்பார். தண்ணீரும் சீழும் தெறிக்கும். அம்மா துடைத்துக்கொண்டு மறுபடியும் உட்காருவாள். ஒருநாள்கூட அவள் கழுவ மாட்டேன் என்று சொன்னதில்லை. அய்யாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு அம்மா நாள் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும் கறிச்சோறு கேட்டாள். இரண்டு தட்டுச் சாப்பிட்டாள், யாரிடமும் பேசாமல், எலும்பை உறிஞ்சி உறிஞ்சி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சவரிமுத்துவுக்குப் புரியவில்லை. பசி என்று நினைத்தார். இப்போது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், வயிற்றில் குளுக்கோஸ் புளித்துக்கொண்டிருக்க, உள்ளங்கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தரையில் தேய்த்துக்கொண்டிருக்கையில், அந்தத் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து புஷ்பம் என்ன கேட்பாள். அவள் வெந்நீர் வைப்பாளா. வைப்பாள். வைக்காமல் என்ன. அவளுக்குக் கறிகூட அவ்வளவாகப் பிடிக்காது. அவளுக்கு என்ன பிடிக்கும்? யோசித்தார். மீனா. கருவாடா. அவருக்கு என்ன பிடிக்குமோ அதைத்தான் அந்த வீட்டில் ஆக்குவார்கள். தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அது நினைவுக்கு வந்ததும் மறுபடியும் கோபம் வந்துவிட்டது, அப்பாடா என்று இருந்தது, கோபத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழகிய இடம்.

பேர் பேராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியபுஷ்பம் என்றதும் புஷ்பம் எழுந்து நேராக நடு மேசைக்குப் போனாள். இரண்டு பேரும் இப்போது மறைக்கவில்லை. ரத்தம் எடுத்து முடித்ததும் ஜெசிந்தா அம்மாவின் கையை உடனே விடவில்லை, பஞ்சின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, ஏதோ கேட்டாள். புஷ்பம் தலையாட்டினாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தலையாட்டினாள், இந்தத் தடவை பலமாக. என்ன கேட்டிருப்பாள். "சவரிமுத்து ஐயா, இங்க வாங்க, இங்க காலியா இருக்கு." ஓர மேசையிலிருந்த பெண் கூப்பிட்டாள், நல்ல சிரித்த முகம். சவரிமுத்து எழுந்தார். கால் மரத்திருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓர மேசைக்குப் போய்க் கையை நீட்டினால் முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். யாரையும் பார்க்க வேண்டாம். நடந்தார். நடு மேசையின் முன்னால் போய் உட்கார்ந்தார். நாற்காலியில் புஷ்பத்தின் சூடு இன்னும் இருந்தது.

"அந்த மேசை காலியா இருக்கு சார்."

"இருக்கட்டும்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, "உங்க பேர் சொல்லுங்க சார்" என்றாள்.

"தெரியாதாக்கும்."

"சொல்லணும் சார். எல்லார்ட்டயும் கேக்குறதுதான்."

சொன்னார். பட்டையைக் கட்டினாள். கையை மூடித் திறக்கச் சொன்னாள், முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டித் தடவினாள். முதல் தடவை எடுத்த இடத்தில் நீலம் பாரித்திருந்தது. கொஞ்சம் தள்ளிக் குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை உள்ளேயே லேசாக நகர்த்தினாள், தீக்குச்சியால் கிழித்தது போல வலித்தது. அந்த வலி அவருக்கு ஏதோ ஒரு விதத்தில் வசதியாக இருந்தது.

"வேணும்னே குத்துறியா."

ஜெசிந்தா ஊசியை வெளியே எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். குரலை உயர்த்தவே இல்லை. "வேணும்னே செய்றதுக்கு நான் உங்க வீட்டுல இல்ல" என்றாள். பிறகு, "நரம்பு ஒடுங்கிப் போயிருக்கு. காலையிலருந்து தண்ணி குடிக்கலையா?"

"குடிக்கக் கூடாதுன்னாக."

"தண்ணி குடிக்கலாம். சாப்பாடுதான் கூடாது. யாரும் சொல்லலையா." அது கேள்வியாக வரவில்லை. ஓர மேசைப் பெண் எட்டிப் பார்த்து, நான் எடுக்கட்டுமா ஜெசி என்று கேட்டாள். ஜெசி. எவளோ ஒருத்தி ஜெசி என்கிறாள். "வேணாம். இந்தப் பிள்ளையே எடுக்கட்டும்" என்றார் சவரிமுத்து, திட்டுகிற குரலில்தான் வந்தது, அவருக்கு வேறு குரல் இல்லை. ஜெசிந்தா பஞ்சோடு அந்தக் கையை மடக்கிவிட்டாள். இன்னொரு கையைக் கேட்டாள். இடது கையை நீட்டினார். நிதானமாகத் தேடினாள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தேடினாள், புறங்கைப் பக்கம் ஓரிடத்தில் நின்றாள். "அசையாதீங்க." அவர் அசையவில்லை. குப்பிக்குள் ரத்தம் ஏறியது. கறுப்பாக, நினைத்ததை விடக் கெட்டியாக. இது தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். ஆறு வருசமாக எதிரில் நிறுத்திப் பேசி வைத்திருந்த எதுவும் இப்போது வரவில்லை, உன்னால நான் ஸ்டேஷன்ல என்பது வரவில்லை, பெத்த அப்பன என்பது வரவில்லை. வந்தது வேறு.

"எனக்கு இடது கால் மரத்துப் போகுது. செருப்பு கழண்டது தெரியல."

அவள் குப்பியைத் தலைகீழாக மெல்லத் திருப்பித் திருப்பிக் கலந்தாள். ஸ்டிக்கரைச் சரிபார்த்தாள். "எத்தன நாளா?"

"ரொம்ப நாளா."

"அம்மாட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"டாக்டர்ட்ட சொல்லுங்க. அந்தா நிக்கிறாங்கல்ல, அவங்கதான். வெறுங்காலோட நடக்காதீங்க. ரிசல்ட்டு வந்ததும் போன் பண்ணுவாங்க."

"நீ பண்ணுவியா?"

"ஆபீஸ்லருந்து பண்ணுவாங்க சார்." பஞ்சுக்கு மேல் பிளாஸ்திரியை ஒட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. அவள் தலையைத் தூக்கி அவருக்குப் பின்னால் பார்த்து, அடுத்தவங்க வாங்க என்றாள்.

டாக்டரம்மாவிடம் போகவில்லை. வாசலில் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கொடுத்த வாழைப்பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் அவள் கையில் இருந்தன, அவருடைய பங்கையும் சேர்த்து வாங்கி வைத்திருந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. அவர் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வந்தார், வலது கையில் பஞ்சு, இடது கையில் பிளாஸ்திரி. ஆட்டோ பிடி என்று சொல்ல நினைத்தார். அதற்குள் புஷ்பம் பழத்தையும் பிஸ்கட்டையும் அவர் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தாள், பை சிறியது, பழம் நுழையவில்லை, பக்கத்தில் இருந்த கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"சோறாக்கி வச்சிருக்கேன். குழம்பு அடுப்பு மேலயே இருக்கு, சுட வச்சுக்கங்க. ராத்திரிக்கு மாவு இருக்கு."

"நீ எங்க போற?"

புஷ்பம் முதலில் அவர் வலது கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள். அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். எப்போதும் இப்படித்தானா. சோறு போடும்போது, சேலை கேட்கும்போது, அம்மா வீட்டுக்குப் போய்வரட்டுமா என்று கேட்கும்போது, எப்போதும் இப்படித்தான் பார்த்திருப்பாளா. இத்தனை வருசம் எதிரில் நின்ற ஒருத்தி முதலில் எதைப் பார்க்கிறாள் என்று அவர் பார்த்ததே இல்லை.

"ஜெசிந்தாகூடப் போறேன். வேன்லயே கூட்டிட்டுப் போறேன்னா."

"எப்ப வருவ?"

"வரமாட்டேங்க" என்றாள் புஷ்பம். கெட்ட வார்த்தை எதையோ சொல்லிவிட்டது போல அவள் முகம் சிவந்தது. ஆனாலும் நின்றாள், ஓடவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

போடி. போய்த் தொலை. எவளும் வேண்டாம். வார்த்தைகள் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன, எல்லாம் பழகிய வார்த்தைகள். அவளுடைய கண் இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது. சவரிமுத்து தன் வலது கையை, அது யாருடைய கையோ போல, கீழே இறக்கினார். பஞ்சு விழுந்தது. முழங்கை மடிப்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கிளம்பி மணிக்கட்டை நோக்கி இறங்க ஆரம்பித்தது. அவர் துடைக்கவில்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். அப்போதுதான் புஷ்பம் அவரைத் தாண்டி உள்ளே போனாள்.